ஒற்றை வேடமும் ஜோடி வேடமும்

பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் எந்தப் பெரியவர் மேடையேறலாம் என்பதை வரலாறு முடிவு செய்வதில்லை. டிரெஸ் வாடகைக் கடைதான் முடிவு செய்கிறது. முண்டாசும் கருப்புக் கோட்டும் ஒட்டுமீசையும் இருந்தால் பாரதி. வட்டக் கண்ணாடியும் கைத்தடியும் காந்தி. மார்பில் ஒரு ரோஜா இருந்தால் நேரு. நீலக் கோட்டும் கக்கத்தில் தடித்த புத்தகமும் அம்பேத்கர். நடுவருக்கு இரண்டு நொடியில் ஆள் பிடிபட வேண்டும். பிடிபடாதவர் எத்தனை பெரியவரானாலும் அவருக்கு இங்கே இடமில்லை. கணிதமேதை ராமானுஜன் வருவதில்லை. கோட்டு மாட்டிய எந்தப் பையனும் ராமானுஜனாக இருக்கலாம். முத்துலட்சுமி ரெட்டியும் வருவதில்லை. சேலை கட்டி நிற்கும் சிறுமியைப் பார்த்து, தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமேலவையில் வாதாடியவர் இவர் என்று யார் கண்டுபிடிப்பது? பெண்களில் வாள் ஏந்தியவருக்கும், நீலக்கரை வெள்ளைச் சேலை கட்டியவருக்கும், கூன் விழுந்த பாட்டிக்கும்தான் சுலபமாக அனுமதி கிடைக்கிறது.

இந்த அடையாளங்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. சிலர் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியது, நன்றாக யோசித்து எடுத்த அரசியல் முடிவு. வேறு சிலருக்குப் பிறர் வேடம் கட்டிவிட்டார்கள். தாடியும் குடுமியும் எழுத்தாணியுமாக நம் பிள்ளைகள் போடும் திருவள்ளுவர், ஓவியர் வேணுகோபால் சர்மாவின் கற்பனையில் பிறந்தவர். கட்டபொம்மன் வேடமிட்ட சிறுவனின் மீசையும் முழக்கமும் 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வழியாகச் சிவாஜி கணேசனிடமிருந்து வந்தவை. ஆகவே பிள்ளைகள் மேடையில் போடுவது வரலாற்று மனிதரின் வேடமன்று. அவருக்கு ஏற்கெனவே போடப்பட்டுவிட்ட வேடத்தின் நகல்.

இதில் அதிகம் நஷ்டப்பட்டவர் ஔவைதான். வெள்ளை விக், விபூதி, கோல் என்று நாம் அறிந்த பாட்டியை 1953இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் நிலைநிறுத்தினார். ஆத்திசூடி பாடிய ஔவை பிற்காலத்தவர். அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர் புறநானூற்று ஔவை. அந்தத் தொகையின் 89ஆம் பாடலில் பகையரசன் கேள்வி கேட்பது மைதீட்டிய கண்ணுடைய ஒரு விறலியிடம். அவள் ஔவையே என்று கொள்வோர் உண்டு. கூனையும் கோலையும் அங்கே தேடிப் பயனில்லை. 95ஆம் பாடல் இன்னும் சுவையானது. அதியமானின் தூதராக ஔவை தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை ஒவ்வொன்றாகப் புகழ்கிறார். இங்குள்ள வேல்களுக்கு மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, காம்பைத் திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் வைத்திருக்கிறீர்கள். எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம் என்கிறார். கேட்பவனுக்குப் புகழ்ச்சிபோல இருக்கும். வீட்டுக்குப் போய் யோசித்தால்தான் சுடும். தொண்டைமானின் வேல்களுக்கு நடந்திருப்பதும் ஒருவகை மாறுவேடம்தானே. வேலை செய்யாத வேலுக்குத்தான் அலங்காரம் அதிகம். இதைச் சொன்ன பெண்ணுக்கே நாம் கோலும் விக்கும் வாடகைக்கு எடுத்து மாட்டுகிறோம்.

இதற்கு என் பரிந்துரை எளியது: பிள்ளைகளை ஒற்றையாக அல்ல, ஜோடியாக வேடம் கட்டி அனுப்புங்கள். அண்ணன் தங்கையோ, ஒரே வகுப்புத் தோழிகளோ, இரட்டைப் பிள்ளைகளோ, யாராயினும் சரி. ஒற்றை வேடத்தில் பொருள்தான் ஆளைச் சொல்கிறது. ஜோடி வேடத்தில் உறவு சொல்கிறது. ஒருவன் கிரீடத்தோடு நெல்லிக்கனியை நீட்ட, எதிரே நிற்கும் சிறுமி அதை வாங்கினால் போதும், விக் இல்லாமலே அவள் ஔவை. கோட்டு மாட்டிய பையனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோட்டுக்காரன் நின்று, தான் வந்த டாக்சியின் எண் 1729, அது சுவையற்ற எண் என்று முணுமுணுக்கட்டும். இல்லை என்று மறுக்கும் பையன் அந்த நொடியே ராமானுஜன், மற்றவன் ஹார்டி. செல்லம்மாளைத் தனியே நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. முண்டாசுக்காரனுக்குப் பக்கத்தில் நின்றால் தெரியும். அதன்பின் அவரே பாரதியின் வாழ்க்கையை எழுதியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு, கண்ணாடியும் தடியுமாக வந்து இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகட்டுமே என்பார்கள். அந்த வயதில் பொம்மை அடையாளம்தான் முதல் படி என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெரும்பாலும் அந்த முதல் படியோடு மாடிப்படியே முடிந்துவிடுகிறது. எல்.கே.ஜி.யில் முண்டாசாக அறிமுகமான பாரதி, பத்தாம் வகுப்பு முடிக்கும்போதும் முண்டாசாகவே இருக்கிறார். இன்னொரு தடை செலவு. ஒன்றுக்கு இரண்டு வாடகையா என்று கேட்பார்கள். உண்மையில் நெல்லிக்காய்க்கு வாடகை இல்லை. சைகையும் வசனமும் ஆளைச் சொல்லிவிட்டால் துணிக்கு வேலை குறைவு. முதல்நாள் இரவு வாட்ஸாப்பில் தகவல் வந்து, கடை கடையாக அலையும் பெற்றோருக்கு இது ஆறுதலாகவே இருக்கும்.

கனமான எதிர்ப்பு வேறொன்று. ஜோடி என்றதும் ஒருவர் கதாநாயகர், மற்றவர் துணை என்றாகிவிடும். பெண்பிள்ளை எப்போதும் கஸ்தூரிபாவாகவே நிற்க நேரும். இந்த ஆபத்து மெய்தான். ஒரே நிறச் சட்டை தைத்துப் போட்டால் ஜோடி ஆகிவிட்டது என்று நினைப்பதாலும், யாருக்கு வசனம் என்று யோசிக்காததாலும் இது நேர்கிறது. ஆயுதக் கொட்டில் காட்சியை எடுங்கள். தொண்டைமானுக்குத்தான் கிரீடம், நகை, பளபளப்பு எல்லாம்; பேச்சு முழுதும் ஔவைக்கு. ஜரிகை உடை ஒரு பிள்ளைக்கு, வசனம் இன்னொரு பிள்ளைக்கு என்று பங்கிட்டால் இருவருக்கும் மனக்குறை வராது. பரிசு கிடைக்குமா என்றால், உறுதி சொல்ல முடியாது. நடுவருக்கும் புறநானூறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.