குரலுக்கு வேண்டிய மின்சாரம்

ஒலிக்கருவி வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் பளபளப்பைப் பார்ப்பார்கள். ஒலிபெருக்கியின் அளவைக் கேட்பார்கள். விலையைப் பேசிக் குறைப்பார்கள். அக்கருவிக்கு மின்சாரம் ஊட்டுகின்ற சிறு பெட்டியை மட்டும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததே போதுமென்று பையில் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். ஆனால், ஒலிபெருக்கியை அதிரச் செய்வது அந்தச் சிறு பெட்டி தரும் மின்சாரமேயாகும். நாடாவில் பதிந்த குரல் அம்மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் தன் வடிவுக்குக் கொண்டு வருகிறது, அவ்வளவே. நீர் கலங்கியிருந்தால் பானகம் மட்டும் தெளிந்திருக்குமா?

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய கேசட், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நம் சமுதாயக் குடும்பங்களில் கடிதத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். ஊரிலுள்ளோர் கூடியிருந்து கேட்பார்கள். எம் தந்தையார் மர்ஹூம் அத்தா அவர்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் அவ்வாறு அனுப்பிய கேசட்டுகளில் ஏழு இன்னும் எம்மிடம் உள்ளன. அவர்கள் கொண்டுவந்த 'டூ-இன்-ஒன்' பெட்டியும் உயிரோடிருக்கிறது. அம்மா இப்போது கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில், லாத்தாவின் வீட்டில் இருக்கிறார்கள். மச்சானுக்கு அங்கே ஒரு மளிகைக்கடை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் அவ்வூரை அடையலாம். அந்தப் பெட்டியையும் ஏழு கேசட்டுகளையும் நாமே சுமந்துகொண்டு போய்ச் சேர்த்தோம்.

அப்பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டும். ஒன்றரை வோல்ட் பாட்டரி எட்டுப் போட்டால் ஓடும். மச்சான் அதற்கென ஒரு 'பாட்டரி எலிமினேட்டர்' வாங்கி வைத்திருந்தார். அதில் இணைத்துக் கேசட்டை ஓடவிட்டதும் அம்மா கேட்டார்கள்: "அத்தா பேசுறதுக்குப் பின்னாலே என்ன தம்பி, வண்டு கத்துற மாதிரி இருக்கு?" மாலை மங்கி ஊரெல்லாம் விளக்கேற்றிய பிறகு வேறொரு கேடும் சேர்ந்தது: குரல் கனத்து இழுபடத் தொடங்கியது. புதிய பாட்டரிகளைப் போட்டுப் பார்த்தோம். வண்டு பறந்துவிட்டது, குரல் நிமிர்ந்துவிட்டது. ஆகவே நாடாவிலும் குறையில்லை, பெட்டியிலும் குறையில்லை. ஒலிக்கருவி இரைந்தால் முதலில் செய்யத்தக்க சோதனை இதுவே. ஆனால், நாள்தோறும் கேட்க விரும்பும் ஒருவருக்காக எட்டெட்டுப் பாட்டரிகள் வாங்கிக் கட்டுபடியாகாது.

அந்த வண்டு எங்கிருந்து வந்தது? நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. மின்மாற்றி அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது. நான்கு டயோடுகள் அதை ஒரே திசையில் ஓடச் செய்கின்றன. அப்போது விநாடிக்கு 100 மேடு பள்ளங்கள் எஞ்சுகின்றன. ஒரு பெரிய மின்தேக்கி, மேட்டில் நிரம்பிப் பள்ளத்தில் வடிந்து, அவற்றை ஏரிபோல் சமன் செய்ய முயல்கிறது. மலிவான எலிமினேட்டரில் ஏரி சிறிது. அதன் வாயில் மதகும் இல்லை. அந்த 100 அலைகளே காதில் வண்டாக முரல்கின்றன. மதகு என்று நாம் சொல்வது ரெகுலேட்டரை. 7812 என்னும் மூன்று கால் சில்லு, தன்னிடம் வருவது ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட்டை மட்டுமே வெளியே விடும். வரும் அலையை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்த்துவிடும். இந்நான்கு உறுப்புகளும் சேர்ந்ததே எளிய 'லீனியர்' மின்வழங்கி.

இக்காலத்தில் கைப்பேசிக்குப் பயன்படும் 'ஸ்விட்சிங்' வகை இருக்கிறதே என்று கேட்கலாம். அவ்வகையின் சிறப்பை மறைப்பது நியாயமன்று. எடை குறைவு, சூடு குறைவு, 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் பெரும்பாலானவை சமாளிக்கும். ஆயினும், அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி ஒட்டுவதால், நன்கு வடிகட்டப்படாத மலிவான சரக்கு, பக்கத்திலுள்ள வானொலியில் இரைச்சலை எழுப்பும். பழுதானாலோ பெரும்பாலும் குப்பைக்கே போகும். லீனியர் வகையைக் கள்ளக்குறிச்சியின் எந்தப் பழைய வானொலி மெக்கானிக்கும் பிரித்துப் பார்த்துச் சீர்செய்துவிடுவார்.

மின்வழங்கியைத் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டிய கணக்கு அட்டையில் இல்லை; தம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வெள்ளிமலை வீட்டில் இரவு ஏழு மணிக்கு மீட்டரை வைத்துப் பார்த்தோம்: 180 வோல்ட். நெடுந்தூரம் கம்பியில் ஓடிவரும் மின்சாரம், வழியெல்லாம் பம்புசெட்டும் விளக்கும் இழுக்க, கடைசி வீட்டுக்கு இளைத்துத்தான் வந்து சேரும். 12 வோல்ட் கேட்கும் கருவிக்கு 12 வோல்ட் மின்மாற்றி போதுமென்பது பலரின் எண்ணம். 230 வோல்ட்டில் 12 தரும் மின்மாற்றி, 180இல் 9.4தான் தரும். அதன் அலைமுகடு 13.3. டயோடுகள் 1.4ஐ எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 11.9. 7812க்கோ வேலை செய்ய ஏறத்தாழ 14 வோல்ட் வேண்டும். 15 வோல்ட் மின்மாற்றியாயின், அதே 180இல் முகடு 16.6, டயோடுகள் போக 15.2. அரை ஆம்பியர் ஓடும்போது 4700 மைக்ரோபாரட் மின்தேக்கியில் பள்ளம் ஒரு வோல்ட் அளவே விழும். அடிமட்டம் 14.1. நூலிழையில் தப்பிவிடுகிறோம்!

அப்படியானால் 24 வோல்ட் போட்டுவிடலாமே எனில், அதுவும் தவறு. எஞ்சும் அழுத்தமெல்லாம் சூடாகும். நள்ளிரவில் ஊர் உறங்கி அழுத்தம் 250க்கு ஏறினால், 15 வோல்ட் மின்மாற்றியிலேயே ரெகுலேட்டர் நாலரை வாட் அளவுக்குச் சூட்டைச் சுமக்கிறது. அதற்கே விசிறி மடிப்புள்ள அலுமினியத் தகடு ஒன்று வேண்டும். மின்தேக்கி முகட்டில் மட்டும் திடீரென்று மின்சாரத்தை உறிஞ்சுவதால், அரை ஆம்பியர் தேவைக்கு ஓர் ஆம்பியர் மின்மாற்றி வாங்குதல் வேண்டும். மின்தேக்கி 35 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். இதற்குமேல் வாங்குவது வீண். நாடாவுக்கே உரிய சீறல் ஒன்று உண்டு. எவ்வளவு விலையுயர்ந்த மின்வழங்கியும் அதைப் போக்காது.

அந்த அளவுகளிலேயே ஒன்றைக் கட்டுவித்துக் கொண்டுபோனோம். முதல் நாள் மிக மெல்லிய முரலொலி இருந்தது. மின்மாற்றிப் பெட்டியைத் திருப்பி வைத்தபோது அது கூடிக் குறைந்தது. அவ்வாறு கூடிக் குறைந்தால், குற்றவாளி மின்மாற்றியின் காந்தப் புலம். அது நாடா படிக்கும் முனையைத் தொடுகிறது என்று பொருள். பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்ததும் அதுவும் ஓய்ந்தது. அதன் பின்னர் அத்தாவின் பேச்சுக்கு இடையே, நாம் முன்பு கேட்டறியாத ஓர் ஒலி கேட்டது: அவர்கள் அடுத்த சொல்லைத் தேடி மூச்சிழுத்துக்கொள்ளும் ஒலி. அம்மா கேசட்டை நிறுத்தச் சொல்லவில்லை. நாமும் எதுவும் பேசவில்லை.

வாசக அன்பர்களுக்குச் சில எச்சரிக்கைகள். மின்மாற்றியின் முதன்மைச் சுற்றில் 250 மில்லி ஆம்பியர் மெது ஃபியூஸ் கட்டாயம். உலோகப் பெட்டியாயின் எர்த் கட்டாயம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆதலால் தொழில் தெரிந்தவரைக் கொண்டே செய்வியுங்கள். பழைய ஜப்பானியப் பெட்டிகள் பலவற்றில் இணைப்பு முனையின் நடு ஊசி எதிர்மின்முனையாக இருக்கும். பெட்டியின் முதுகில் உள்ள படத்தைப் பாராமல் சொருகினால் கருவி ஒரு நொடியில் பாழாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்குப் போகுமுன் உங்கள் ஊரின் மின்சாரம் மிக இளைத்திருக்கும் நேரத்தை அறிந்து, அந்நேரத்தில் ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நல்ல நேரத்தில் எல்லாப் பெட்டியும் நன்றாகவே பாடும். இளைத்த நேரத்திலும் குரலைக் கைவிடாத பெட்டி எதுவோ அதுவே நமக்கு உரியது; அதற்கு அப்பால் ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை.