தணிகை மலையேறிய சின்ன அம்பாசிடர்

திருத்தணிக்குப் போகிறோம் என்று எதிர்வீட்டு மாமியிடம் முதல் நாளே சொல்லிவைத்தேன். பால் பாக்கெட்டை எடுத்துவைக்க வேண்டுமே! "என்ன பிரார்த்தனை?" என்று கேட்டார். "வண்டிக்குப் பூஜை போடணும் மாமி" என்றேன். "அடேடே, கார் வாங்கியாச்சா? மூச்சு விடலையே நீ!" என்று வாசலுக்கே ஓடிவந்து தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தார். கார் அலமாரியில், புடவைக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

சிரிக்காதீர்கள். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, உருளுகிற நாலு சக்கரங்கள். அசல் அம்பாசிடர்தான். நீளம் மட்டும் 18 சென்டிமீட்டர். செய்தவன் பத்தாவது படிக்கும் என் பிள்ளை. அதற்குத் திருத்தணியில் பூஜை போட்டே ஆகவேண்டும் என்றவர் என் மாமனார். வயது 81.

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து திருத்தணி வரை மின்சார ரயில் போகிறது. அரக்கோணம் வழியாக எண்பது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்ஸை விட வயசானவர்களுக்கு இது சௌகரியம். காலாற நீட்டிக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் வேண்டாம் என்று, கூட்டம் குறைவான ஒரு புதன்கிழமை கிளம்பினோம்.

மாமாவுக்குச் சொந்த ஊரே திருத்தணிதான். 1985லிருந்து இருபத்திரண்டு வருஷம் அங்கே டாக்ஸி ஓட்டினார். ஸ்டேஷனில் இறங்கும் ஜனங்களை மலைக்கு ஏற்றிப்போய் இறக்குவார். கண் பார்வை மங்கியதும் வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்தார். மாமியார் காலமானபின் எங்களோடு வந்துவிட்டார். வந்தவர் பேச்சையே குறைத்துவிட்டார். "சாப்பிடறீங்களா மாமா?" என்றால் ஒரு தலையசைப்பு. டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, உடம்பில் குறை ஒன்றும் இல்லை, வீட்டில் பேச்சுக் கொடுங்கள் என்றார். எதைப் பேசுவது? டி.வி.யைப் போட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

பிள்ளையின் கார்ப் பைத்தியம் வேறு தனி. அது ஆரம்பித்தது கடையில் விற்கிற உள்ளங்கை அளவு உலோகக் கார்களில். 64இல் ஒரு பங்கு அளவாம். 1968இல் வந்த ஹாட் வீல்ஸ் அந்த ரகம். அதற்கு முன்னாலேயே, 1953இல், இங்கிலாந்தில் மேட்ச்பாக்ஸ் கார்கள் வந்துவிட்டன. ஜாக் ஓடெல் என்ற இன்ஜினீயரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைதான் கொண்டுவரலாம் என்று சட்டமாம். அதற்காக அவர் ஒரு குட்டி ரோடு ரோலரைச் செய்துகொடுக்க, அதிலிருந்து ஒரு பெரிய தொழிலே பிறந்ததாகச் சொல்வார்கள். ஒரு அப்பா பெண்ணுக்காகச் செய்தது என்று கேட்டபோது எனக்கே கொஞ்சம் மனசு இளகிற்று.

ஆனால் என் பிள்ளை வாங்கிய காரை அப்படியே வைத்துக்கொண்டால்தானே! அடியில் இருக்கும் ரிவெட் தலையைத் துளைத்து எடுத்து, உடம்பு வேறு அடித்தட்டு வேறாகப் பிரிப்பான். பெயின்டைச் சுரண்டுவான், சக்கரத்தை மாற்றுவான். உலகம் பூராவும் பெரியவர்களே இதைச் செய்கிறார்களாம். என் நெயில் பாலிஷ் ஒரு முழு பாட்டில் இப்படிக் காலியாயிற்று. உலோகத்தில் அது நன்றாகப் பிடித்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் காருக்கு நேராகப் பூசினான். கூரை அப்பளம் மாதிரி சுருங்கிப்போயிற்று! பாலிஷில் இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். முதலில் வேறு பெயின்டால் ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டுத்தான் தொடவேண்டும் என்று பின்னால் தெரிந்துகொண்டான். அவன் கற்றான், பாலிஷ் போனது எனக்கு!

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மேஜைமேல் கிடந்த அட்டை, பசை, பிசுக்குத் துண்டு எல்லாவற்றையும் வாரிக் குப்பைக்காரரிடம் போட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தான். கத்தவில்லை. "அது தாத்தா காரும்மா" என்றான், அவ்வளவுதான். மாமா ஈஸிசேரில் சாய்ந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பரீட்சை முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை நான் பிஸ்கட் அட்டைகளைச் சேர்த்துக்கொடுத்தேன். அம்பாசிடர் நாலே கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 24ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர். அகலம் 7 சென்டிமீட்டர். ஏன் 24 என்று கேட்டேன். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்தால் 24இல் ஒரு பங்கு வருமாம். ரவிக்கைக்கு அளவு எடுக்கத் தெரிந்த நமக்கு இது புரியாதா என்ன? அட்டையை அடுக்கடுக்காக ஒட்டி, உருண்டை வரவேண்டிய இடத்தில் எம்-சீல் அப்பி, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தான். முதலில் 400 நம்பர், அப்புறம் 600. மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் கண்ணாடியாயிற்று. சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள் பம்பராயிற்று. மஞ்சளை முதலில் அடித்துக் காயவிட்டு, அதை மூடி ஒட்டிவிட்டுப் பிறகுதான் கறுப்பு. மாற்றிச் செய்தால் மஞ்சளுக்கடியில் கறுப்பு தெரியும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். பெயின்ட், தின்னர் வேலையெல்லாம் மொட்டை மாடியிலோ ஜன்னலோரத்திலோதான். அடுப்பு எரிகிற இடத்தில் கூடவே கூடாது. உப்புத்தாள் தூசிக்கு மூக்கில் துணி கட்டவேண்டும். சட்டென்று ஒட்டும் பசையில் விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெள்ள உருட்டிப் பிரிக்கவேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு தடவை ஆயிற்று.

வண்டி உருவாகிற வரையில் மாமா எட்டிப் பார்க்கவே இல்லை. ஒருநாள் முன் ஸீட் இரண்டையும் வைத்துவிட்டு, நடுவில் குண்டூசியால் கியர் நட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து குரல் வந்தது. "டேய், அங்கே ஏதுடா கியர்? ஸ்டியரிங் பக்கத்திலே வரணும். ஸீட்டும் தப்பு. முன்னாலே ஒரே நீள ஸீட்டு. என்னையும் சேர்த்து மூணு பேர் உட்காருவோம்." நான் அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன்.

அதற்கப்புறம் தினமும் ஏதாவது ஒரு குறை சொல்வார். இது 1979இல் வந்த மார்க் 4, முன்பக்கத்து வலையைப் பழைய மார்க் 2க்குப் போட்டமாதிரி போட்டிருக்கிறாயே என்பார். அவன் பிய்த்துவிட்டு மறுபடி செய்வான். நம்பர் பிளேட் மட்டும் வெறுமையாகவே இருந்தது. பழைய ஆர்.சி. புத்தகம் எங்கே போயிற்றோ! கேட்டால் "ஞாபகம் இல்லைடா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்களும் விட்டுவிட்டோம்.

ரயிலில் எதிர் ஸீட்டில் ஒரு பொடிசு. ஒன்றரை வயசு இருக்கும். காரைப் பார்த்ததும் கையை நீட்டி அழ ஆரம்பித்துவிட்டது. பாவம்தான், ஆனால் கொடுக்கவில்லை. கதவுக் கைப்பிடியெல்லாம் குண்டூசித் துண்டு. வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆவது? மூன்று வயசுக்குக் கீழே இந்தச் சாமான் கண்ணிலேயே படக்கூடாது. வாழைப்பழம் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

அரக்கோணம் தாண்டியதும் மாமா சொன்னார்: "இறங்கினதும் எலுமிச்சம்பழம் நாலு வாங்கணும்மா."

"தாத்தா, பழம் நாலு சென்டிமீட்டர் இருக்கும். நம்ம சக்கரமே இரண்டே முக்கால்தான். வண்டி எப்படி ஏறும்?" என்றான் பிள்ளை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "24ஆல் வகுத்தா ஒண்ணரை மில்லிமீட்டர் சொச்சம். அதுமாதிரி பழம் எங்கே கிடைக்கும்?"

"கடுகு" என்றேன் நான்.

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். "சரிதான். கடுகு திருஷ்டிக்கும் ஆச்சு" என்றார்.

ஸ்டேஷனிலிருந்து கடைத்தெருவுக்கு வந்தால் காதில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் விழுகிறது. மளிகைக் கடையில் "கொஞ்சம் கடுகு" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் தன் மகளிடம் "ஆவாலு" என்று எனக்காகவே மொழிபெயர்த்தார்! ஒரு சிட்டிகை போதும் என்றதும் கடைக்காரர் காசு வாங்கவில்லை. எல்லையோரத்து ஊர் அல்லவா? 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. மங்கலங்கிழார், ம.பொ.சி. முதலானோர் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மாமாவுக்கு அப்போது பதினாறு வயசு. "ராத்திரி ஆந்திராவிலே படுத்தேன், காலையிலே மெட்ராஸ்லே எழுந்தேன். பாய் அதேதான்" என்றார். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

மலைக்குப் படிகள் 365. வருஷத்தின் நாள் ஒன்றுக்கு ஒரு படி. டிசம்பர் 31 அன்று படிக்குப் படி பூஜை நடக்கும். ஆங்கிலப் புத்தாண்டுக்குத் துரைமார்களைப் போய்ப் பார்த்து வணங்குவதற்குப் பதில் முருகனைப் பார்க்கட்டும் என்று வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பித்தது அது. மாமாவையும் எங்கள் வீட்டுக்காரரையும் ஆட்டோவில் அனுப்பிவிட்டு, நானும் பிள்ளையும் படியேறினோம். காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுவது நல்லது. வெயில் வந்தால் கல் கொதிக்கும். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். கார்ப் பையை அவன் என்னிடம் தரவே இல்லை. இன்னும் என்மேல் முழு நம்பிக்கை வரவில்லை போலும்.

சூரனோடு போரிட்ட கோபமெல்லாம் முருகனுக்குத் தணிந்த இடம், அதனால்தான் தணிகை. மற்றப் படைவீடுகளைப்போல இங்கே சஷ்டியில் சூரசம்ஹாரம் கிடையாது. சந்நிதியில் நிற்கும்போது குப்பைக்காரரிடம் போட்ட அந்த அட்டைத் துண்டுகள் என் கண்முன்னால் வந்தன. வேறென்னவோ வேண்டிக்கொள்ள நினைத்திருந்தேன், மறந்துபோயிற்று.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பைக்கும், மாலை போட்ட ஒரு புது டிராக்டரும் நின்றன. எங்கள் முறை வந்ததும் குருக்கள் "வண்டி எங்கே?" என்றார். பிள்ளை தரையில் ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு அதன்மேல் காரை வைத்தான். டிராக்டர்க்காரர் உட்பட எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நல்ல மனுஷர் அந்தக் குருக்கள், சிரிக்கவே இல்லை. தீக்குச்சியால் சந்தனம் தொட்டுப் பொட்டு வைத்தார். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நான் ஒவ்வொரு கடுகாக வைத்தேன். அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் கேட்டுக்கொண்டு வந்தவர், வழக்கப்படி, "வண்டி நம்பர்?" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாமா கைகூப்பியபடியே, கண்ணைத் திறக்காமல், நம்பரைக் கடகடவென்று சொன்னார்.

குருக்கள் பாட்டுக்கு மந்திரத்தைத் தொடர்ந்தார். பிள்ளை என் கைப்பையைப் பிடுங்கி, பேனாவைத் தேடி எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அப்புறம் மாமாவே குனிந்து ஒரு விரலால் காரைத் தள்ளினார். கடுகு நசுங்கவில்லை. தெறித்து ஓடிவிட்டது. "பரவாயில்லை, எலுமிச்சையும் சில சமயம் நழுவும்" என்றார்.

இறங்கும்போது எல்லோருமாக ஒரே ஆட்டோவில் வந்தோம். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் மாமா டிரைவருக்கு "ஹாரன் அடிப்பா" என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பையனும் சளைக்காமல் அடித்தான்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, தையல் ஊசி முனையை வெள்ளைப் பெயின்டில் தொட்டு நம்பர் எழுத உட்கார்ந்துவிட்டான். மாமா டார்ச் பிடித்தார். கை கொஞ்சம் நடுங்கியது, வெளிச்சமும் ஆடியது. கடைசி இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டான். மாமா உற்றுப் பார்த்துவிட்டு, "அழிச்சுட்டு எழுது" என்றார். நான் பஞ்சு எடுத்துக்கொடுத்தேன்.