73 வயதுப் பெரியவருக்கு 27 வயது

போன வாரம் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று தயங்கித்தான் எடுத்தேன். பேசியது ஓர் இளைஞர். கோவைப் பக்கத்து மில் ஒன்றின் பெயரைச் சொல்லி, "சார், எங்க சம்பளப் புரோகிராம்ல உங்க இனிஷியல் போட்டு ஒரு வரி இருக்குதுங்க. வருஷம் 30-க்குக் கீழே இருந்தா 20, மத்ததுக்கெல்லாம் 19-னு எழுதியிருக்கீங்க. அது எதுக்குங்க சார்?" என்றார்.

காபி ஆறிவிட்டது. அந்த வரியை நான் எழுதியது 1999-ல். யாரும் கேட்காமலே போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

என்னைப்போன்ற பழைய கம்ப்யூட்டர் ஆட்களைத் தவிர மற்றவர்களுக்கு இது புரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நான் 1979-ல் வேலைக்குச் சேர்ந்தபோது திரையும் இல்லை, மவுஸும் இல்லை. எல்லாம் துளையிட்ட அட்டைகள்தான். ஓர் அட்டையில் 80 எழுத்துக்குத்தான் இடம். அதற்குள் ஒரு தொழிலாளியின் டோக்கன் நம்பர், பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சம்பளம் எல்லாம் அடங்கவேண்டும். 1927 என்று முழுதாகப் போட்டால் இரண்டு கட்டம் வீண். அதனால் 27 என்று மட்டும் போடுவோம். அதற்கு முன்னால் 19 என்பதை நாமே வைத்துக்கொள்ளவேண்டியது. மொழி கோபால். பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கும். 1959-ல் அமெரிக்காவில் உருவான மொழி. இன்றும் உலகத்தில் பல வங்கிகளின் கணக்கு அதில்தான் ஓடுகிறது.

1992-ல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு கன்சல்டன்ட் ஆனேன். விசிட்டிங் கார்டில் பார்க்க நன்றாக இருக்கும். முதல் தேதியானால் சம்பளம் வராது என்பதை வீட்டுக்காரிதான் நினைவுபடுத்துவாள்.

1999-ல் ஒய்-டூ-கே பயம் வந்தது. 2000 பிறந்தால் கணினி அதை 00 என்று படிக்கும், 1900 என்று நினைத்துவிடும் என்பதுதான் சிக்கல். அந்த மில்லில் என்னைக் கூப்பிட்டார்கள். இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. எல்லா இடத்திலும் ஆண்டை நான்கு இலக்கமாக்குவது ஒன்று. அதற்கு எல்லா ஃபைலையும், எல்லாப் படிவத்தையும், எல்லாப் புரோகிராமையும் தொடவேண்டும். இன்னொன்று குறுக்கு வழி. 30-க்குக் கீழே இருந்தால் 2000-க்கு மேல் என்றும், 30 முதல் 99 வரை இருந்தால் 1900-களில் என்றும் வைத்துக்கொள்வது. இதைத் தப்பு என்று சொல்லமுடியாது. எக்செல்கூட அந்த 30-ஐத்தான் எல்லையாக வைத்திருந்தது. மில்லில் ஓய்வு வயது 58. அப்போது வேலையில் இருந்தவர்களில் மிக மூத்தவர் 1941-ல் பிறந்தவர். நான் சோதனைக்கு எடுத்ததும் வேலையில் இருந்தவர்களின் பதிவுகளைத்தான். எல்லாம் சரியாக வந்தது.

டிசம்பர் 31 ராத்திரி மில்லின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு மணி தாண்டியது. சம்பளச் சீட்டு அச்சானது. தேதி சரி. மேனேஜர் மைசூர்பாகு கொடுத்தார். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அந்த மில்லில் ஓய்வுபெற்ற தொழிலாளிகளுக்கு ஒரு நல நிதியிலிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை போகும். அந்தப் புரோகிராமும் நான் மாற்றிய அதே பகுதியைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அதில் இருந்தவர்கள் 1920-களில் பிறந்தவர்களும்தான். 1927-ல் பிறந்தவரை என் புரோகிராம் 2027-ல் பிறந்தவராக்கியது. 2000-லிருந்து 2027-ஐக் கழித்தால் மைனஸ் 27. வயதை வைக்கும் இடத்தில் மைனஸ் குறிக்கு இடம் கிடையாது. குறி உதிர்ந்து 27 மட்டும் நின்றது. 27 வயது ஆளுக்கு ஓய்வுப் பணம் எதற்கு? அவர் பெயர் நிராகரிப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. அப்படி 41 பேர். வேடிக்கை என்னவென்றால், நான் எதையுமே தொடாமல் விட்டிருந்தாலும் அவர்களுக்கு இதேதான் நடந்திருக்கும். காசு வாங்கிக்கொண்டு அவர்களை இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 1-ந்தேதி அந்த மில்லின் குமாஸ்தா எனக்கு போன் செய்தார். "சார், ரிஜெக்ட் லிஸ்ட்ல எப்பவும் ரெண்டு மூணு பேருதான் இருப்பாங்க. இந்த மாசம் ஒரு பக்கம் முழுக்க வந்திருக்குதுங்க" என்றார். நான் சென்னையில் வேறொரு கிளையன்ட் இடத்தில் அவசரத்தில் இருந்தேன். "பழைய டேட்டா அப்படித்தான் இருக்கும், ஃபைல்ல போட்டு வைங்க, வந்து பாக்கறேன்" என்றேன். போகவில்லை.

பிப்ரவரி நடுவில் ஒரு பெரியவர் மில் வாசலுக்கு வந்தார். அன்று நான் அங்கே இருந்தேன். ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை ஒட்டும் வேலையை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவர். பாஸ்புக்கை மஞ்சள் பையில் வைத்திருந்தார். மூன்று முறை பேங்க்குக்கு நடந்திருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் மனைவியின் சர்க்கரை மாத்திரைக்குக் கடன் நின்றுபோயிருந்தது. திரையில் அவருடைய வயது 27 என்று பார்த்துவிட்டு அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, "நான் செத்துப்போயிட்டேன்னு எழுதிட்டீங்களோன்னு பயந்துட்டேனுங்க தம்பி" என்றார்.

அன்று சாயங்காலமே புரோகிராமைச் சரிசெய்தேன். மறுநாள் 41 பேருக்கும் பணம் அனுப்பினார்கள். நடந்தது என்ன என்று மேனேஜர் என்னிடம் அறிக்கை கேட்டார். அதில் "நிராகரிப்புப் பட்டியல் உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை" என்று எழுதினேன். படித்துப் பாருங்கள், அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. யார் கவனிக்கவில்லை என்பதும் இல்லை. பட்டியல் யார் மேஜைக்கு வரும் என்பது மேனேஜருக்குத் தெரியும். குமாஸ்தாவுக்கு மெமோ கொடுத்து ஒரு இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள்.

சம்பளம் வாங்கியவர்களுக்குத் தெரியும், ஒரு இன்கிரிமென்ட் என்பது ஒரு வருஷத்தோடு போவதில்லை. பணிக்கொடை வரை கூடவே வரும். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை மேனேஜர் அறை வரைக்கும் போனேன். அது என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டியிருந்தது. இரண்டு தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பினேன்.

இதையெல்லாம் போன வாரம் அந்த இளைஞரிடம் சொன்னேன். பாவம், ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டவர் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கணினிப் பெட்டி மூன்று முறை மாறிவிட்டதாம், புரோகிராம் மட்டும் அதேதானாம். 2030-ல் புதிதாகச் சேரும் ஆளை அது 1930-ல் சேர்ந்தவராக்கிவிடும். "இப்பவே நாலு இலக்கமா மாத்திடுங்க, என்னை மாதிரி குறுக்கு வழி போகாதீங்க" என்றேன். அவரும் 2038 பற்றிச் சொன்னார். 1970-லிருந்து விநாடிகளை எண்ணும் பழைய யூனிக்ஸ் கடிகாரங்களில் 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8.44 மணிக்கு இடம் தீர்ந்துவிடும். அது அவர் தலைமுறைக் கவலை.

கடைசியாக, அந்தக் குமாஸ்தாவின் நம்பர் கிடைக்குமா என்று கேட்டேன். விசாரித்து அனுப்பினார். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டேன்.

குரல் மெலிந்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "நீங்க எனக்கு போன் பண்ணிச் சொன்னீங்க. நான்தான் விடுங்கன்னு சொன்னேன். அதை அறிக்கையில எழுதலை. மேனேஜர்கிட்டயும் சொல்லலை. என்னை மன்னிக்கணும்."

"அதெல்லாம் எங்கீங்க சார் நெனப்பு இருக்குது, பழைய கதை" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே, "மார்ச் 6-ந்தேதி, திங்கக்கெழமைங்க. மத்தியானம் சாப்பிட உக்காந்தப்பத்தான் மெமோ குடுத்தாங்க" என்றார்.

நான் என்ன சொல்வது? அவர் கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பேத்தியின் கல்யாணம் பற்றிச் சொன்னார். போனை வைக்கும் முன் ஒன்று கேட்டார். "இப்ப இருக்கற பையன் மாசா மாசம் அந்த லிஸ்ட்டைப் பாக்கறானுங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றே அந்த இளைஞரிடம் கேட்டேன். பட்டியல் தானாக ஒரு மெயிலுக்குப் போகிறதாம். யார் திறந்து பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

ஓய்வூதியம் வாங்கும் நண்பர்களே, ஆதாரிலும் பேங்க் பாஸ்புக்கிலும் ஓய்வூதிய ஆணையிலும் உங்கள் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் பணம் வரவில்லையென்றால் அடுத்த மாதம் வரும் என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் பெரியவர் மாதிரி நேரில் போய் நில்லுங்கள்.