ஹோல்டாலும் கூடாரமும்

மும்பைத் தமிழ்க் குடும்பம் ஒன்று மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குப் புறப்படுகிறது என்றால், அந்த மலையின் உச்சியில் பெரும்பாலும் முருகன் நின்றுகொண்டிருப்பார். மாதேரானும் லோனாவாலாவும் ஆபீஸ் பிக்னிக்குக்கு. மலை என்றால் திருத்தணி, பழனி. செம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்கு எழுபது வயதுவரை இந்த விஷயத்தில் சந்தேகமே வந்ததில்லை. 2022 செப்டம்பரில், விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் அவருடைய மகள், பாட்டுக் கேட்க அருணாசலப் பிரதேசத்துக்குப் போவதாகவும் அங்கே மலையில் கூடாரம் போட்டு நான்கு நாள் தங்கப்போவதாகவும் சொன்னாள். சந்தேகம் வந்தது.

அவள் சொன்ன இடம் ஜிரோ. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே, அபதானி பழங்குடியினர் நெல் வயலிலேயே மீனும் வளர்க்கிற பள்ளத்தாக்கு. 2012-இல் அருணாசலத்தைச் சேர்ந்த பாபி ஹானோவும், தில்லி ராக் இசைக் குழு ஒன்றின் கிதார் கலைஞர் அனூப் குட்டியும் சேர்ந்து அங்கே ஓர் இசை விழாவைத் தொடங்கினார்கள். மேடைகள் மூங்கிலால் ஆனவை. கட்டுகிறவர்கள் உள்ளூர் அபதானிகள். செப்டம்பர் கடைசி என்பதால் மழைக்குப் பஞ்சமிருக்காது. ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகிறவர்கள் செருப்பைச் சேற்றுக்குக் காணிக்கையாக்கிவிட்டுத் திரும்புவார்கள். அந்த மாநிலத்துக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

"மலையில டெண்ட் போட்டுத் தூங்கறதாவது?" என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீங்க திருத்தணியில சத்திரத்துத் திண்ணையில தூங்கலையாப்பா? அம்மாவும்தானே தூங்கினா?"

"அது சுவாமி காரியம்."

"அங்கேயும் விடிய விடியப் பாட்டுதானே பாடினேள்?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. காரணம், மகள் சொன்னது முழுக்க உண்மை. ஹோல்டாலும் கூஜாவும் காற்றுத் தலையணையும் பரணில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் தாதரில் நாற்பது பேர் கொண்ட கும்பல் ரயில் ஏறும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் நாளுக்கு, புளியோதரை மறுநாளுக்கு. குண்டக்கல் தாண்டும்போதே தாளம் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த பெர்த்துக்காரர்கள் பாவம். அரக்கோணத்தில் இறங்கினால் திருத்தணி கூப்பிடு தூரம். சத்திரத்தில் ஜமக்காளத்தை விரித்தால் அதுவே முகாம்.

இந்தப் பயணங்களுக்கு நூறாண்டுக் கதை உண்டு. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்த அர்த்தநாரி என்பவர் பின்னாளில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஆனார். ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத அவரைத் திருப்புகழ் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரன் ஆட்சியில் புத்தாண்டு என்றால் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பது வழக்கம். அந்தத் துரைகளை விட்டுவிட்டுத் தணிகை மலைத் துரையைப் பாருங்கள் என்று சொல்லி, 1917 டிசம்பர் 31 அன்று அவர் ஆரம்பித்ததுதான் திருத்தணிப் படிவிழா. ஆங்கிலப் புத்தாண்டை எதிர்த்துத் தொடங்கிய விழா அதே புத்தாண்டின் பெயரால் இன்று லட்சக்கணக்கானவர்களை இழுக்கிறது என்பது வேடிக்கைதான்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்தின் நாட்கள் என்று கணக்கு. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம். ஒவ்வொரு படியிலும் பாட்டு. பாடி முடித்தால்தான் அடுத்த படி. நிதானமாக ஏறினால் முப்பது நிமிடத்தில் முடிகிற மலையைப் பாட்டு ஒரு முழு நாளாக்கிவிடும். மேடை கிடையாது, மைக்குக்கு முன்னால் ஒருவர், எதிரே ஆயிரம் பேர் என்ற ஏற்பாடு கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் பாடகர்கள். கேட்பதற்கென்று ஒருவரும் வருவதில்லை. குரல் உடைந்தவர்களுக்கும் சுருதி சேராதவர்களுக்கும் இதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை.

பாட்டுகளும் சும்மா கிடைத்துவிடவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடியதில் இன்று கையில் இருப்பது ஏறத்தாழ 1,300. மாவட்ட முன்சீப்பாக இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடிச் சேர்த்து 1894-இல் முதல் பாகத்தை அச்சிட்டார். மெட்டுகள் காலத்தோடு போய்விட்டன. சந்தம் மட்டும் சொல்லுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. பாட்டின் தலையில் 'தன', 'தான' என்று அச்சிட்டிருக்கும் சந்தக் குழிப்பைப் பார்த்தால் எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். தில்லியில் ஏ.எஸ். ராகவன் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு ராகம் அமைத்து, 1958 முதல் திருப்புகழ் அன்பர்களைத் திரட்டினார். ஒரு வரியைத் தலைவர் பாட, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அந்த முறை தில்லியிலிருந்து மும்பைக்கு வந்தது. செம்பூர்க்காரர் தன் முப்பதாவது வயதில் அதில் சேர்ந்தார். பத்து வருடத்தில் அவரே முன்னால் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கிறவர் ஆகிவிட்டார். மகள் எட்டு வயதிலேயே நாற்பது பாட்டு மனப்பாடமாகச் சொல்வாள். பத்தாம் வகுப்பில் டியூஷன் வந்தது, திருப்புகழ் நின்றது.

மலைக்குப் போக முடியாத வருடங்களுக்காக மும்பைத் தமிழர்கள் மலையையே கட்டிக்கொண்டார்கள். செம்பூர் சேடா நகரில் 1980-இல் எழுந்த முருகன் கோயிலுக்கு 108 படிகள். சமதரையில் உயர்த்திக் கட்டிய குன்று அது. ஆனால் முழங்கால் வலிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மாட்டுங்கா பக்கம் 1952-இல் சபா ஆரம்பித்தவர்களும் ஆறுமுகனின் பெயரைத்தான் தேடிப் பிடித்தார்கள்: ஷண்முகானந்தா. அந்த அரங்கம் 1963-இல் திறந்து, 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்தது. தீப்பிடித்த செய்தி கேட்ட அன்று கிங்ஸ் சர்க்கிளில் சமைக்காத வீடுகள் இருந்ததாக இன்றும் பேசிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே இருப்பது ஒரு ரயில் பாதைதான். திருப்புகழ்ப் புத்தகம் அந்தப் பாதையைத் தாண்டியது குறைவு. தாராவியில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் அதிகம். அவர்களுடைய முருகன் மலையில் இல்லை, திருச்செந்தூர்க் கடற்கரையில் இருக்கிறார். பங்குனி உத்திரத்தில் காவடி எடுக்கிறபோது அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. மேளமும் காவடிச் சிந்தும் போதும். ஆடிக் கிருத்திகையில் திருத்தணிக்குப் போய்ப் பார்த்தால், அதே 365 படிகளில் பம்பையும் உடுக்கையும் அதிர்ந்துகொண்டிருக்கும். படி ஒன்றுதான். டிசம்பரில் ஏறுகிறவர்களும் ஆடியில் ஏறுகிறவர்களும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்க வாய்ப்பில்லாதபடி பஞ்சாங்கம் பார்த்துக்கொள்கிறது. பஞ்சாங்கத்தின் மேல் பழிபோடுவது எல்லோருக்கும் வசதி.

மகள் ஜிரோவிலிருந்து சளியோடும் காலில் அட்டைக்கடியோடும் திரும்பினாள். விழா எப்படி என்று அம்மாதான் கேட்டாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அதாவது ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைப் பாட்டு நன்றாகத்தான் இருந்தது என்றாள். ஆனால் நள்ளிரவுக்கு மேல் கூடாரங்களுக்கு நடுவே நெருப்பு மூட்டி, அவரவர் ஊர்ப் பாட்டைப் பாடினார்களாம். இவள் முறை வந்தபோது சினிமாப் பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை, திருப்புகழ்தான் வந்தது. பக்கத்தில் டோலக் வைத்திருந்த பையன் இரண்டு வரி தாங்கினான். மூன்றாவது வரியில் கையை எடுத்துவிட்டான்.

பேப்பர் கீழே இறங்கியது. "எந்தப் பாட்டு?"

சொன்னாள்.

"அதுக்கு அவன் ஆதியில தட்டியிருப்பான். எப்படி நிக்கும்?" என்றார். அன்று ஜிரோவைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

அந்த வருடம் டிசம்பர் 31 சனிக்கிழமை. கொரோனாவால் இரண்டு வருடம் கிளம்பாமலிருந்த குழு மறுபடி டிக்கெட் எடுத்தபோது பதினொரு பேர்தான் தேறினார்கள். நாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் அமெரிக்காவிலோ மாடிப்படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்ன நிலையிலோ இருந்தார்கள். மகள் லீவு போட்டுப் பன்னிரண்டாவது ஆளாக வந்தாள். பக்தியால் என்று சொல்ல முடியாது. அப்பாவின் முழங்காலை நம்பித் தனியே அனுப்ப அவளுக்கு மனமில்லை.

அவர் நூற்றிருபது படிவரை பாடிக்கொண்டே ஏறினார். அதற்கு மேல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மலைமேல் வண்டி போக ரோடு இருக்கிறது, ஆட்டோவில் வந்துவிடுங்கள் என்றார்கள். கேட்கவில்லை. "நீங்க போங்கோ, நான் மெதுவா வரேன்" என்று புத்தகத்தை மகளிடம் கொடுத்தார். முதல் பாட்டை அவள் ஒரு கட்டை மேலே எடுத்துவிட்டாள்; மாமிகள் மூச்சுத் திணறினார்கள். அடுத்ததில் இறக்கினாள். ஒரு பாட்டுக்கு ராகம் மாறிப் போயிற்று, பின்னாலிருந்து ஒரு மாமி சத்தம் போட்டுத் திருத்தினார். இதற்குள் இருட்டிவிட்டது. படியில் விளக்கு இருந்தாலும் கூட்டத்தின் நிழலில் பொடி எழுத்து தெரியவில்லை. அவள் தோள்பையிலிருந்து ஜிரோவுக்காக வாங்கிய விளக்கை எடுத்து நெற்றியில் கட்டிக்கொண்டாள். சுரங்கத் தொழிலாளி கட்டிக்கொள்வாரே, அந்த மாதிரி. புத்தகத்தின் மேல் வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது. பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் அவள் நெற்றியையே பார்த்தார்கள்.

"இது தாதர்ல கிடைக்குமாடி?" என்று கேட்டார் ராகத்தைத் திருத்திய மாமி.