பாவத்தை எழுதப் பாவியாக வேண்டுமா?

எழுத்தார்வம் கொண்ட நம் இளைஞருள் சிலர், மதுவையும் மற்றவற்றையும் நேரில் சுவைத்தறியாதவன் வாழ்க்கையை எழுத முடியாதென்று வாதிடுகின்றனர். துப்பறியும் கதை எழுதுவோன் கள்வரோடும் கொலைஞரோடும் பழகியிருக்க வேண்டும் என்பதும் அவர்கள் கட்சி. இதைக் கேட்கும்போதெல்லாம் ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்ட்டன் என் நினைவுக்கு வருகிறார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், யார்க்‌ஷயரில் அவர் ஜான் ஓ கானர் என்னும் அயர்லாந்துக் குருவைச் சந்தித்தார். செஸ்டர்ட்டன் அப்போது கத்தோலிக்கர் அல்லர். இருவரும் மேட்டுப் பொட்டல் நிலத்தின் வழியே நடந்து செல்கையில், சமுதாயக் குற்றங்களைப் பற்றித் தாம் எழுத எண்ணியதை அவர் கூறினார். அது தவறென்று விளக்கக் குருவானவர் தாம் அறிந்த சில உண்மைகளைச் சொல்ல, இத்தகைய கொடுமைகளும் உலகில் உண்டா என்று செஸ்டர்ட்டன் திகைத்துப் போனார். பின்னர் அவர்கள் சென்ற வீட்டில் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் இருந்தனர். குரு அறையை விட்டு அகன்றதும், உலகத்தின் தீமையை அறியாமல் மடத்துக்குள் அடைந்து வாழ்வது தமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை என்றார் ஒருவர். செஸ்டர்ட்டனுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாயிற்று. (“சாமிக்கு உலகம் தெரியாது” என்று என் பங்கு மக்கள் பேசிக்கொள்ளும்போது நானும் அப்படி அடக்கியதுண்டு.)

அந்த முரணிலிருந்து பிறந்தவரே துப்பறியும் குருவாகிய அருட்தந்தை பிரவுன். முதற்கதை 1910இல் வந்தது. 1911 முதல் 1935 வரை ஐந்து தொகுதிகள். எல்லாம் ஒரே தரமானவை அல்ல; சிலவற்றில் சாமர்த்தியம் மிகுந்து உண்மை மெலிந்துள்ளது. ஓ கானர் நேர்த்தியான மனிதர். கதைக் குருவுக்கோ கசங்கிய தோற்றம், உருண்டை முகம், கைநழுவும் குடை. உள்ளறிவை மட்டுமே ஆசிரியர் கடன் வாங்கினார்.

1927இல் வெளியான தொகுதியில், தம் இரகசியத்தைப் பிரவுன் வெளியிடுகிறார். அக்கொலைகளையெல்லாம் செய்தவர் தாமே என்கிறார்! கொலைஞனின் சினமும் பேராசையும் தம் நெஞ்சிலேயே தென்படும்வரை தம்மை ஆராய்ந்து, இறுதிச் சம்மதம் ஒன்றை மட்டும் தராது நிற்பதே அவர் முறை. நாம் இரவில் செய்யும் ஆத்தும சோதனையும் இதுதானே? ஆலயத்தில் ஆயக்காரனைச் சுட்டிக் காட்டிய பரிசேயனால் நல்ல துப்பறியும் கதை ஒன்று எழுதியிருக்க முடியாதென்பது என் துணிபு. அவன் எத்தனை மதுக்கடை ஏறி இறங்கினாலும் பயனில்லை.

1922 ஜூலை 30இல், தம் 48ஆம் வயதில், செஸ்டர்ட்டன் திருச்சபையில் சேர்ந்தார். அவ்வூரில் அந்நாளில் கத்தோலிக்கக் கோயில் இல்லை. தகரக் கூரையிட்ட விடுதி மண்டபமொன்றே கோயிலாகப் பயன்பட்டது. பாவசங்கீர்த்தனம் கேட்க அவர் வரவழைத்தவர் அதே ஓ கானர். இன்னும் ஆங்கிலிக்கன் சபையிலிருந்த அவர் மனைவி, அந்நேரம் வெளியே அமர்ந்து அழுதுகொண்டிருந்தார்.