பனிப்பெட்டி

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே வரவேண்டும். ஆயினும் எங்கள் வீட்டு மாடியறையில் 11 சரக்குப் பெட்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளம். அசலில் 87இல் ஒரு பங்கு. அனைத்தும் அமெரிக்கப் பனிப்பெட்டிகள். சகோதரர் இருவரும் சேர்ந்து சேகரித்தவை. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுபவர்.

குளிர்சாதன இயந்திரங்களுக்கு முன் அந்நாட்டில் பழமும் கீரையும் கண்டத்தைக் கடந்த விதம் வியப்பானது. பெட்டியின் இரு முனைகளிலும் பனிக்கட்டி அறைகள், கூரையில் அவற்றுக்கு மூடிகள். வழியிலுள்ள நிலையங்களில் நிறுத்தி, உயர்ந்த மேடையிலிருந்து பாளம் பாளமாகப் பனிக்கட்டியை உள்ளே தள்ளுவார்கள். குளிர் கூடுதலாக வேண்டுமெனில் உப்பும் சேர்ப்பார்கள். 1906இல் தோன்றிய பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பெட்டிகள் ஆரஞ்சு வண்ணத்தில் ஓடின. எங்களை முதலில் ஈர்த்தது அந்த நிறந்தான்.

காரணம் உண்டு. அப்பா மலையடிவாரத்து நிலையமொன்றில் பார்சல் எழுத்தராக இருந்தவர். சேர்வராயன் மலையின் கமலா ஆரஞ்சுக் கூடைகள் அங்கு வந்திறங்கும். வண்டி தாமதமானால் நடைமேடையிலேயே வெந்துபோகும். ஒருமுறை அழுகிய கூடைகளுக்கு அவரே பொறுப்பென்று சம்பளத்தில் பிடித்தார்கள். அம்மாதத்து வறுமை எங்களுக்கு நினைவில்லை. அப்பாவின் சட்டையில் வீசிய புளித்த மணம் நினைவிருக்கிறது.

அவருடைய 80ஆவது பிறந்தநாளுக்கு ஒரு பெட்டியை மாற்றியமைத்தோம். அமெரிக்க எழுத்துகளை ஈர உப்புத்தாளால் தேய்த்தகற்றினோம். இனி அவை திரும்பா. காவி பூசி, 'தென்னக ரயில்வே, சேர்வராயன் கமலா' என்று வெள்ளையில் எழுதினோம். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் மாக்னசைட் தூளைத் தூரிகையால் தட்டிப் புழுதியேற்றினோம். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; இந்த அளவில் 19க்கு மேல் வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. அந்தப் பொய் ஒன்றுதான் எங்களை உறுத்தியது.

அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அழகா இருக்குடா" என்றார். பிறகு, "ஆனா இப்படி ஒரு வண்டி நம்ம ஸ்டேஷனுக்கு வரவே இல்லையே. வராத வண்டிய வந்ததா ரிஜிஸ்டர்ல எழுதலாமா?"

தமிழ் கற்பிப்பவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஏட்டில் சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்பலாகாது என்று, உ.வே.சா.வின் பதிப்புகளைச் சுட்டி ஆண்டுதோறும் வகுப்பில் முழங்குபவர் அவர். மற்றவர் விடவில்லை. "வந்திருந்தா உங்களுக்குப் பிடித்தம் ஆகியிருக்காதேப்பா."

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. 2020 ஆகஸ்டில் பழமும் காய்கறியும் ஏற்றி தேவ்லாலியிலிருந்து தானாபூருக்கு முதல் கிசான் ரயில் புறப்பட்ட செய்தியை அவர் கத்தரித்து வைத்திருந்தது எங்களுக்குப் பின்னரே தெரிந்தது.

அன்றிரவே ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் எழுத்துகளை அழித்தோம். 'கமலா'வின் 'க' மட்டும் முற்றாகப் போகவில்லை. பெயரற்ற அந்தக் காவிப் பெட்டியைத்தான் பேத்தி வரும்போதெல்லாம் அப்பா கையிலெடுக்கிறார். கூரை மூடியை நகத்தால் நெம்பி, ஐஸ் எந்த வழியாக உள்ளே போகும் என்று அவளுக்குக் காட்டுகிறார்.