மைக்கோ

காரைக்குடி, கொத்தமங்கலம் பக்கம் பழைய டிராக்டரோ லாரியோ வைத்திருப்பவர்களிடம் "மைக்கோ" என்று சொல்லிப் பாருங்கள். டீசல் பம்பு, நாசில், பிளக் என்று பேச்சு ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? காதுக்கு மைக்கா மாதிரிக் கேட்டாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் மைக்கோ. முதல் இரண்டு சொற்களில் முதலெழுத்து, கடைசிச் சொல்லில் "கோ". அவ்வளவுதான். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய இந்தக் கம்பெனி ஜெர்மனியின் பாஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. ராபர்ட் பாஷ் 1886-ல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிறு பட்டறையாக ஆரம்பித்தது அது.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு. கிரைஸ்லர் கம்பெனியின் "மோப்பார்". மோட்டார், பார்ட்ஸ் இரண்டையும் ஒட்டி 1937-ல் வைத்த பெயர். நம் டி.வி.எஸ். வேறு வகை, அது சுந்தரம் ஐயங்கார் என்ற மனிதரின் பெயர்.

டீசல் இன்ஜினில் பம்புதான் உயிர். எவ்வளவு டீசல், எந்த நொடியில், என்ன அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும் என்பதை அதுதான் பார்த்துக்கொள்கிறது. கொஞ்சம் பிசகினால் கரும்புகை, டீசல் செலவு, வண்டி இழுக்காது. உழவு நேரத்தில் டிராக்டர் நின்றால் என்ன ஆகும் என்று விவசாயிக்குத்தான் தெரியும். அதனால் டப்பாவின் மேல் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்குவது அவருக்கு ஆடம்பரம் இல்லை.

2008-ல் கம்பெனி தன் பெயரை பாஷ் லிமிடெட் என்று மாற்றிக்கொண்டது. உலகம் முழுக்க ஒரே பெயர் என்பது நிர்வாகத்துக்கு வசதிதான். ஆனால் கணக்குப் பதிவியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு கம்பெனி தானே வளர்த்த பிராண்டை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது கணக்கியல் தரம் 26. காசு கொடுத்து வாங்கிய பிராண்ட் என்றால் காட்டலாம்! ஐம்பத்தேழு வருடம் மெக்கானிக்குகள் வாயில் வளர்ந்த பெயரை மாற்றியபோது, ஏட்டில் கழிக்க ஒரு ரூபாய்கூட இருந்திருக்காது.

பெங்களூரில் பி.டி.எம். லேஅவுட்டை ஒட்டி இன்றும் மைக்கோ லேஅவுட் இருக்கிறது. அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான்.